கூண்டையும் எலி மருந்தையும் எடுத்துவிடுங்கள்: எங்கள் தாமான் (குடியிருப்பு) சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் அண்ணனுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வாய்க்கால் ஓரம், ராத்திரியில் நம் கூரைக்கு வரும் மரநாயைப் பிடிக்கக் கூண்டு வைப்பது, வாழைப்பழத்தில் எலி மருந்து தடவி மதில்மேல் போடுவது என்று முடிவாகிவிட்டதாக வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன், கூண்டை வைத்தும்விட்டார்கள். தயவுசெய்து இரண்டையும் நிறுத்துங்கள். தூக்கம் கெடுகிறது என்று அக்காமார் சொல்வது உண்மைதான், எங்கள் வீட்டு சிலிங்கிலும் ராத்திரியானால் அதே தடதடப்புதான். ஆனால் எல்லாரையும் பயமுறுத்தியது, அதன் குரல் என்று குழுவில் சுற்றிய அந்த அலறல் பதிவு. அது நம் ஊர்ச் சத்தமே இல்லை. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களுக்கு வருகிற செந்நரி, குளிர்காலத்தில், அதிலும் ஜனவரி வாக்கில் இணை தேடும்போது அப்படித்தான் கத்தும். லண்டன் மாதிரி பெரிய நகரத்துக் கொல்லைகளிலேயே அவை குட்டி போட்டு வாழ்கின்றன. மலேசியக் காடுகளில் நரியே கிடையாது.

நம் கொல்லைக்கு வருவது மூசாங் பாண்டான், மரநாய். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, முதுகில் கோடுகள், நீண்ட வால். பெரும்பாலும் தனியாகத்தான் திரியும். இருட்டிய பிறகு கிளம்பி விடிவதற்குள் அடங்கிவிடும், நல்ல நிலா வெளிச்சமுள்ள இரவுகளில் நடமாட்டம் குறைவு. வழிமறித்தால் சீறும், உறுமும், அவ்வளவுதான். அதன் சுரப்பியிலிருந்து வருவதுதான் நள்ளிரவில் ஜன்னல் வழியே வரும் அந்தப் பாண்டான் இலை வாசனை. சிலிங்கில் மெல்லிய கீச்சுக்குரல் கேட்டால் தாய் அங்கே குட்டி போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தாயைக் கூண்டில் பிடித்துக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டால் குட்டிகள் நம் தலைக்கு மேலேயே பட்டினியில் சாகும். இதை நினைத்துப் பார்த்தீர்களா?

பப்பாளி, ரம்புத்தான், மாம்பழம், தோட்டத்துச் செம்பனைப் பழம் எல்லாம் தின்னும், விதையை விழுங்கி வேறிடத்தில் போடும். மதில்மேல் விதை விதையாகக் கிடக்கும் எச்சம் அதனுடையதுதான். எலியையும் பிடிக்கும். எலிக்காகத்தான் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள், நாமோ எலி தின்னும் ஒன்றைக் கொல்லப் பார்க்கிறோம்.

அப்புறம் அந்த மருந்து. வார்ஃபரின், புரோடிஃபாகம் வகை எலி மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்றது உடனே சாகாது, நாள்கணக்கில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, ஒளிந்துகொள்ள இடம் தேடிப் போய்ச் சாகும். அந்த இடம் நம் சிலிங்காகவே இருக்கலாம், நாற்றத்தை யார் தாங்குவது? மருந்து தின்ற எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அதே கதிதான். மதில்மேல் வைக்கும் பழத்தைத் தெருப்பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள் என்று யாராவது உறுதி தர முடியுமா?

சட்டமும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் (சட்டம் 716) இது பாதுகாக்கப்பட்ட பிராணி, வீட்டில் வளர்க்கவே பெர்ஹிலித்தானின் (அரசு வனவிலங்குத் துறை) உரிமம் வேண்டும். கூண்டு வைக்கும் முன் அவர்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே.

செய்ய வேண்டியது வேறு. குட்டிகள் வளர்ந்து வெளியேற இரண்டு மூன்று மாதம் பொறுப்போம். பிறகு ஒரு நாள் இருட்டி எல்லாம் இரை தேடப் போனதும், உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, கூரை இடுக்கைக் கம்பிவலையால் அடைக்க வேண்டும். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுவோம், பழுத்த பழத்தைச் சாயங்காலமே பறிப்போம். கோழி வளர்ப்பவர்கள் கூட்டை நன்றாகப் பூட்டட்டும், குப்பைத்தொட்டிக்கு மூடி போடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைப் பேச எனக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள். கம்பிவலைக்கு 50 ரிங்கிட் தருகிறேன், ஏணியும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கூண்டை மட்டும் அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள், அண்ணன்.

கடைசி வரிசையில் குடியிருக்கும் உங்கள் உறுப்பினர்