சைலன்சரை வெட்டினால் நாலு சிலிண்டர் ஆறாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

போர்ஷே 718 பொக்ஸ்டர், கேமன் என்ற ஜேர்மன் வேகக் கார்களின் புதிய தோற்றத்தையும் என்ஜின் சத்தத்தையும் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து கல்முனையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தோம். தோற்றம் ஆளுக்கு ஆள் மாறும் ரசனை. சத்தம் அப்படியல்ல. சத்தம் கெட்டுவிட்டது என்று எழுதியவர்களின் காது சரி, அவர்கள் சொன்ன காரணம் பிழை. கம்பனி சைலன்சரில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டது, வேறு சைலன்சர் பூட்டினால் பழைய சத்தம் திரும்பிவிடும் என்று இரண்டு கடிதங்கள் சொல்கின்றன. இதே நம்பிக்கையில்தான் நம் ஊர் கராஜ்களிலும் நல்ல சைலன்சர்கள் வெட்டுப்படுகின்றன.

தோற்றத்தை முதலில் முடித்துவிடுவோம். 2016இல் வந்த 718இல் முன்பின் பெட்டி மூடிகள், முன் கண்ணாடி, துணிக்கூரை தவிர வெளித்தகடு பெரும்பாலும் புதியது. முன் பம்பரின் இரு பக்கக் காற்று வாய்களும் பெரிதானதை வெறும் பகட்டு என்று ஒருவர் எழுதியிருந்தார். டர்போ (காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) போட்ட என்ஜினில் அந்த அமுக்கிய காற்றையும் குளிரவைக்க வேண்டும், என்ஜினையும் குளிரவைக்க வேண்டும்; அதற்குக் காற்று வேண்டும். குறை சொல்வதானால் பின்பக்கத்தைச் சொல்லலாம். முந்தைய மொடலான 981இல், பின்புறக் காற்றுத் தகடான ஸ்பொய்லரின் விளிம்பு இரண்டு விளக்குகளுக்குள்ளும் ஓடி முடியும். அந்த அழகான கோட்டை எடுத்துவிட்டு, விளக்குகளுக்கு நடுவே கறுப்புப் பட்டி ஒட்டி அதில் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். யாருடைய கார் என்று தெரியாமல் எவரும் அதன் பின்னால் போகப் போவதில்லையே!

இனிச் சத்தம். 981இல் பெரும்பாலும் இருந்தவை 2.7, 3.4 லீற்றர் ஆறு சிலிண்டர் என்ஜின்கள், டர்போ கிடையாது. 718இல் முதலில் வந்தவை 2.0, 2.5 லீற்றர் நாலு சிலிண்டர், டர்போவோடு. இரண்டிலும் சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும். நாலடி (போர் ஸ்ட்ரோக்) என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் கிராங் தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். ஆகவே நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஆறு சிலிண்டர் செக்கனுக்கு 150 வெடி, நாலு சிலிண்டர் 100 வெடி. பாடசாலைப் பாஷையில் 150 ஹேர்ட்ஸ், 100 ஹேர்ட்ஸ் மீடிறன். சுற்று எதுவானாலும் இந்த 3க்கு 2 என்ற விகிதம் மாறாது. சுருதிப்பெட்டி தெரிந்தவருக்கு ஒரு வரியில் சொல்லலாம்: ஒரே சுற்றில் நாலு சிலிண்டர் சட்ஜமென்றால் ஆறு சிலிண்டர் பஞ்சமம். சைலன்சர் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும், சில மேற்சுரங்களை வடிகட்டும், சட்ஜத்தைப் பஞ்சமமாக்காது. 718இன் நாலு சிலிண்டர் தன் எல்லையான 7,500 சுற்றில் எட்டும் 250 ஹேர்ட்ஸை ஆறு சிலிண்டர் 5,000 சுற்றிலேயே எட்டிவிடும். மேலே போகப் போகக் குரல் ஏறிக்கொண்டே போகும் அந்தச் சுகம்தான் குறைந்தது.

இரண்டாவது காரணம் வெடிக்கும் ஒழுங்கு. படுத்த ஆறில் இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி வெடிக்கும். ஒவ்வொரு பக்கத்துக் குழாய்க்கும் கிராங் 240 பாகை சுற்றும்போதெல்லாம் வெளியேறும் வாயுவின் ஒரு அடி, சீராக. படுத்த நாலில் மொத்தமாகப் பார்த்தால் 180 பாகைக்கு ஒன்று, சீர்தான். ஆனால் ஒரு பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் அடுத்தடுத்து வெடித்துவிட்டு, பிறகு 540 பாகை சும்மா இருக்கும். இரு பக்கக் குழாய்களும் சேரும் இடம்வரை நீளம் ஒத்துப்போகாவிட்டால் இந்த ஒழுங்கீனம் அப்படியே வெளியே கேட்கும். அதே படுத்த நாலு சிலிண்டர் கொண்ட பழைய சுபாரு கார்களின் தடதடப்பு இதுதான். 718ஐக் கேட்டதும் பலர் சுபாரு என்று சொன்னதில் கேலி பாதி, உண்மை பாதி.

மூன்றாவது டர்போ. வெளியேறும் வாயுவின் அடியை வாங்கித்தான் டர்போவின் டர்பைன் என்ற சக்கரம் சுழல்கிறது. அந்த அடியின் கூர்மை அங்கேயே மழுங்கிவிடும். எஞ்சுவதைத்தான் சைலன்சர் பார்க்கிறது. ஐரோப்பாவில் 2018க்குப் பிறகு சிலிண்டருக்குள்ளேயே பெற்றோலைப் பீய்ச்சும் நேரடி ஊசி என்ஜின்களில் புகைத்துகள் வடிகட்டியும் சேர, சத்தத்துக்கு இன்னொரு போர்வை. அங்கே சாதாரணக் கார்களுக்கான சத்த வரம்பையும் 2016இல் 72, 2020இல் 70, 2024இல் 68 டெசிபல் என்று படிப்படியாக இறக்கினார்கள். வேகக் கார்களுக்குச் சற்றுக் கூடுதல். 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் சக்தி பாதி.

இத்தனை இழந்து எதைப் பெற்றார்கள் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பொக்ஸ்டரில் 2.7 லீற்றர் ஆறின் முறுக்கம் (இழுவிசை) 280 நியூட்டன் மீற்றர், 2.0 லீற்றர் நாலுக்கு 380, அதுவும் 1,950 சுற்றிலேயே. வலு 265இலிருந்து 300 குதிரைக்கு ஏறியது. கல்லடிப் பாலம் தாண்டி ஒரு பஸ்ஸை முந்துவதற்கு கியர் இறக்கத் தேவையில்லை. நம் நாட்டு இறக்குமதி வரியும் சி.சி. கணக்கில் ஏறுவதால், சிறிய என்ஜினுக்கு இங்கே ஒரு நியாயம் கூடுதலாகவே உண்டு. அப்படியிருந்தும் ரசிகர்கள் ஓயவில்லை. 2020இல் 4.0 லீற்றர் ஆறு சிலிண்டரோடு, டர்போ இல்லாமல், 400 குதிரை வலுவில் 718 ஜி.டி.எஸ். என்ற வகை வந்தது. அதைப் பழைய என்ஜினைத் தூசு தட்டிப் போட்டது என்று கட்டுரை சொல்வது தவறு. போர்ஷேயின் இன்னொரு காரான 911இன் 3.0 லீற்றர் டர்போ என்ஜின் குடும்பத்திலிருந்து புதிதாக உருவாக்கியது அது. குறைந்த பாரத்தில், சுமார் 1,600க்கும் 3,000க்கும் இடைப்பட்ட சுற்றில், ஒரு பக்கத்து மூன்று சிலிண்டருக்கு எரிபொருளை நிறுத்திவிடும். அப்போது திடீரென்று குரல் தாழும். பிளக் போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரிவரை நம் நாட்டுக்குத் தனியார் கார் இறக்குமதி பெரும்பாலும் நின்றே போயிருந்தது. கல்முனையிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு இந்தக் கார்களின் சத்தத்துக்குத் தீர்ப்புச் சொல்பவர்களில் அநேகர் கைபேசியில் கேட்டவர்கள். கைபேசி ஸ்பீக்கர் சுமார் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதையும் ஒழுங்காக எழுப்பாது. நாலு சிலிண்டரின் அடிக்குரல் முழுவதுமே அதற்குக் கீழே. போதாதற்கு, படம் பிடித்த கைபேசி பெரிய சத்தத்தைத் தானாகவே தணித்துப் பதிந்திருக்கும். நல்ல ஹெட்போனில், என்ஜின் ஒரே சீராக ஏறும் பதிவைக் கேட்டுவிட்டுப் பேசுவதே நியாயம். காருக்குள் எடுத்த பதிவுகளையும் நம்ப வேண்டாம். பி.எம்.டபிள்யூ. 2011இன் எம்5 காரிலேயே என்ஜின் சத்தத்தைக் காரின் ஸ்பீக்கர்வழி சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டது, டொயோட்டா ஜி.ஆர். 86இலும் அதே ஏற்பாடு.

இப்போது நம் ஊர் விஷயம். 1300, 1500 சி.சி. ஜப்பான் காரின் சைலன்சரை வெட்டிவிட்டு இரண்டரை அங்குலக் குழாயை நேராக இழுப்பது வழக்கமாகிவிட்டது. இந்த அளவு என்ஜினுக்கு ஒன்றே முக்கால் அங்குலம், மிஞ்சினால் இரண்டு போதும். அகலக் குழாயில் வாயுவின் வேகம் விழுந்து, கீழ்ச் சுற்றில் இழுவை குறையும். கிடைப்பது சத்தமல்ல, 2,500 சுற்றை ஒட்டிக் காதை அடைக்கும் ஒரு முனகல். நாலு சிலிண்டருக்கு அது 83 ஹேர்ட்ஸ்.

வெட்டியவர்கள் அந்த முனகலை மட்டும் கொல்ல வழியுண்டு. பிரதான குழாயில் ஒரு பக்கக் கிளை ஒட்டி, அதன் நுனியை அடைத்துவிட வேண்டும். அலைநீளத்தின் காற்பங்குதான் கிளையின் நீளம். 200 பாகை சூட்டில் வாயுவில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 436 மீற்றர். அதை 83இன் நாலு மடங்கால் வகுத்தால் 1.3 மீற்றர். முனகல் 3,000 சுற்றிலென்றால் 1.1 மீற்றர். கிளைக்குள் வாயு ஓடாமல் நிற்பதால் சூடு குறைவு, தேவைப்படும் நீளமும் சற்றுக் குறையும். ஆகவே நீளமாக ஒட்டி, ஓட்டிப் பார்த்து, இரண்டு சென்டிமீற்றர் கணக்கில் குறைத்து வர வேண்டும். கட்டையாக வெட்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

ஒட்டுவேலையில்தான் கூடுதல் காசு வீணாகிறது. 304 தர ஸ்டெயின்லெஸ் குழாயைச் சாதாரண இரும்பு வெல்டிங் கூரால் ஒட்டினால், கடற்காற்று அடிக்கும் கல்லடி, காத்தான்குடி, பாசிக்குடாப் பக்கம் ஒட்டுத்தான் முதலில் துருப்பிடிக்கும். 304க்கு 304ஐ ஒட்ட 308எல் கம்பி, ஸ்டெயின்லெஸ்ஸை இரும்போடு ஒட்ட 309எல் கம்பி, ஆர்கன் வாயுவில். குழாயின் உள்ளேயும் ஆர்கன் விட வேண்டும். விடாவிட்டால் உட்பக்கம் சீனி பாகு காய்ந்ததுபோல் கருகிப் பொரிந்து, அங்கிருந்தே விரிசல் விடும்.

வெளியேறும் வாயுவில் ஒட்சிசனை அளக்கும் சென்சருக்கு முன்னால் எங்கும் ஒழுக்கு இருக்கக் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் குழாயில் அமுக்கம் குறைந்து, வெளிக்காற்று அந்த ஓட்டையால் உள்ளே இழுபடும். சென்சர் அதைப் பார்த்துப் பெற்றோல் போதவில்லை என்று எண்ணும், கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும், நச்சுப் புகையைச் சுத்தமாக்கும் கன்வேர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடேறி உள்ளே உருகும். பெற்றோல் குடிக்கிறது என்று பிறகு இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருப்பார்கள். கன்வேர்ட்டரையே வெட்டி எறிந்தவர்களோ வருட வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது காபனோரொட்சைட்டு அளவில் தோற்றுவிடுவார்கள். அந்த ஒரு நாளுக்காக இரவல் கன்வேர்ட்டர் தேடுவதும் நடக்கிறது.

வெட்டாமல் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. சந்தைக்கும் பாடசாலைக்கும் மட்டும் ஓடும் காரில் பின் சைலன்சர் போதிய சூடேறாமல், அந்தத் தண்ணீர் அடியிலேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். அடிப்பக்கத்தின் ஆகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை இருக்கிறதா என்று பாருங்கள். புதிய சைலன்சர்கள் பலவற்றில் கம்பனியே போட்டிருக்கும். அதை ஒழுக்கு என்று நினைத்து ஒட்டி அடைத்துவிடும் கராஜ்காரர்கள் இருக்கிறார்கள். வேலைக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் வாகன ஆர்வலர்கள்,
கல்லடி, மட்டக்களப்பு.