போஹாங்கிலிருந்து: பின்னால் நிற்பவரைப் பற்றி

போஹாங், தென் கொரியா

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. உடனே பதில் எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் யாழினியைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு வரியில் முடித்துவிட மனம் வரவில்லை. இத்தனை காலம் முன்களத்தில் ஆடிக் கோல் போட்டுப் பழகிய பெண்ணைப் புதிய பயிற்சியாளர் பின்களத்துக்கு மாற்றிவிட்டார் என்றும், அவள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்றும் எழுதியிருந்தாய். “அங்கே நின்றால் நல்லது செய்தால் யாருக்கும் தெரியாது, தப்புச் செய்தால் ஊருக்கே தெரியும்” என்று அவள் சொன்னதாக நீ எழுதியதைப் படித்தபோது, பதினான்கு வயதுப் பெண் எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கொரியாவில் இருக்கும் சித்தப்பா யாராவது ஒரு பின்கள வீரரைப் பற்றி அவளுக்குச் சொல்லட்டும் என்று கேட்டிருந்தாய். நான் இருக்கும் ஊரில் அதற்குத் தேட வேண்டியதே இல்லை. கொரியாவின் பெயர்பெற்ற பின்கள வீரர் ஹோங் மியோங்-போ தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியதே இந்தப் போஹாங்கில்தான்.

இங்குள்ள மைதானத்தின் பெயர் ஸ்டீல் யார்டு. போஸ்கோ எஃகு நிறுவனத்தின் வளாகத்திலேயே 1990இல் கட்டப்பட்டது. கொரியாவில் ஓட்டப்பாதை எதுவும் இல்லாமல் கால்பந்துக்கென்றே எழுப்பப்பட்ட முதல் மைதானம் இதுதான். முதல் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் காதில் விழுகிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள இருக்கையைத்தான் நான் எப்போதும் வாங்குவேன். மூன்று ஆண்டுகள் கோல்கீப்பராக நின்ற பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது. உனக்குப் பின்னால் நின்று ஆடியதால், ஆட்டம் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வியர்வையில் ஒட்டிக்கொண்ட உன் சட்டையும், திரும்பிப் பாராமலே “நான் போறேன், நீ நில்லு” என்று நீ கத்துவதும்தான். எதிரணியை மறித்து நிற்கும் ஒரு நல்ல ஸ்டாப்பரின் அருமை கோல்கீப்பருக்குத்தான் தெரியும். என்னிடம் வந்து சேராத பந்துகளை எவரும் கணக்கு எழுதவில்லை. நான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஹோங் 1969 பிப்ரவரியில் சியோலில் பிறந்தவர். பள்ளியில் நடுக்களத்தில் ஆடியவர். கொரியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் பின்களத்துக்கு வந்தார். இதை யாழினியிடம் முதலில் சொல். நடுக்களத்தில் ஆடியதால் கிடைத்த பார்வையையும் பாஸ் கொடுக்கும் திறனையும் அவர் பின்னால் எடுத்துக்கொண்டு போனார் என்பதுதான் விஷயமே. அக்காலத்துக் கொரிய அணியில் இரண்டு ஸ்டாப்பர்கள் எதிரணியின் முன்கள வீரர்களை ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரையும் பிடிக்காமல், எதற்கும் கட்டுப்படாமல், தவறி வருவதையெல்லாம் துடைத்தெடுக்க ஒருவர் நிற்பார். அந்த இடத்தை லிபரோ என்பார்கள். பந்து காலில் கிடைத்தால் அதை வெளியே அடித்துத் தள்ளிவிடாமல், தலையை நிமிர்த்திக்கொண்டு தானே நடுக்களம்வரை ஏறி வந்து நாற்பது கஜத் தூரத்துக்குப் பாஸ் கொடுக்கும் வழக்கத்தால்தான் இந்நாட்டு மக்கள் ஹோங்கை “நிரந்தர லிபரோ” என்று அழைத்தார்கள்.

1992இல் போஹாங் அணிக்கு வந்தார். முதல் பருவத்திலேயே அணி சாம்பியன் ஆனது; லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது புதிதாக வந்த இந்தப் பின்கள வீரருக்குக் கிடைத்தது. 1997இல் ஜப்பானுக்குப் போய் முதலில் பெல்மாரே ஹிராட்சுகாவிலும், பிறகு கஷிவா ரெய்சோலிலும் ஆடினார். 1999இல் கஷிவா லீக் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு அவரையே கேப்டன் ஆக்கினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஜப்பானின் ஆட்சியில் அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு நாட்டிலிருந்து போனவர் ஜப்பானிய வீரர்களுக்குத் தலைவராக நின்றார் என்பது இங்குள்ள முதியவர்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை, இந்த ஊருக்கு வந்த பிறகே நான் உணர்ந்தேன்.

ஆனால் செல்வம், நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது கோப்பைகளை அல்ல, தோல்விகளை. 1990இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பைக்கு ஹோங் 21 வயதுக் கல்லூரி மாணவராகப் போனார். பெல்ஜியம், ஸ்பெயின், உருகுவே ஆகிய மூன்று அணிகளிடமும் கொரியா தோற்றுத் திரும்பியது. 1994இல் அமெரிக்காவில் டாலஸ் நகரின் கடும் வெயிலில் ஸ்பெயினுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கியிருந்தபோது 85ஆவது நிமிடத்தில் அவருடைய ஃப்ரீ கிக் கோலானது; ஆட்டம் 2-2 என முடிந்தது. அதே மைதானத்தில் ஜெர்மனி முதல் பாதியிலேயே மூன்று கோல் போட்டுவிட்ட பிறகு, இரண்டாம் பாதியில் முன்னேறி வந்து தொலைவிலிருந்து அவர் அடித்த அடியை நீ இன்றும் தேடிப் பார்க்கலாம். அந்த ஆட்டம் 2-3 என்று கைவிட்டுப் போனது. 1998இல் பிரான்ஸில் நெதர்லாந்து 5-0 என்று நசுக்கியது. போட்டி முடியும் முன்பே பயிற்சியாளரை நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். 1954 தொடங்கி 1998 வரை உலகக் கோப்பையில் கொரியா 14 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூட வெல்லவில்லை. அவற்றில் 9 ஆட்டங்களில் பின்னால் நின்றவர் ஹோங். எட்டு ஆண்டுகள், மூன்று உலகக் கோப்பைகள், ஒவ்வொரு முறையும் தன் கண்ணெதிரே வலை அசைவதைப் பார்த்துவிட்டு, பந்தை எடுத்து நடு வட்டத்துக்கு அனுப்பிய மனிதரை நினைத்துப் பார். முன்களத்தில் ஆடுபவருக்குத் தோல்வி எட்ட நடப்பது. பின்னால் நிற்பவருக்கோ அது கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது.

2001இல் நெதர்லாந்துக்காரர் குஸ் ஹிடிங்க் தேசிய அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பிறகு ஹோங் காயம்பட்டுப் பல மாதங்கள் தேசிய அணிக்கு வெளியே இருந்தார். அவர் காலம் முடிந்துவிட்டது என்றே பலர் பேசினார்கள். 2002 மார்ச்சில் திரும்பி வந்தார். உலகக் கோப்பையில் கேப்டனாக இறங்கியபோது அவருக்கு 33 வயது. கொரியாவில் ஒரு வயது மூத்தவரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஆண்கள் “ஹியோங்” என்பார்கள், நம் அண்ணன் மாதிரி. மைதானத்தில் அந்த மரியாதை ஆட்டத்தைத் தாமதப்படுத்துகிறது, எல்லாரும் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று ஹிடிங்க் சொல்லிவிட்டாராம். அன்று சாப்பாட்டு மேசையில் ஓர் இளைய வீரர் துணிந்து “மியோங்-போ, சாப்பிடலாம் வா” என்றார் என்று ஒரு கதையை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கதை எப்படியிருந்தாலும், தன்னைவிடப் பத்து வயது இளையவர்கள் தன்னைத் திட்டவும் கேள்வி கேட்கவும் ஒரு மூத்தவர் இடம் கொடுத்தார் என்பதுதான் அந்த அணியின் பின்களம் அவ்வளவு கட்டாக இருந்ததற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன். வலப்பக்கம் சோய் ஜின்-சோல், இடப்பக்கம் கிம் டே-யோங், நடுவில் ஹோங், பின்னால் கோல்கீப்பர் லீ ஊன்-ஜே. முதல் ஆறு ஆட்டங்களில், அவற்றில் இரண்டு கூடுதல் நேரத்துக்கும் போயின, கொரியா வாங்கிய கோல்கள் மொத்தம் மூன்றுதான்.

ஜூன் 4 அன்று புசானில் போலந்தை 2-0 என்று வென்றார்கள். அதுதான் உலகக் கோப்பையில் அந்நாட்டின் முதல் வெற்றி. இரண்டாவது கோலைப் போட்ட யூ சாங்-சோல் 2021இல் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் பெயரைச் சொன்னால் என் அலுவலக நண்பர்களின் முகம் இன்றும் வாடிவிடுகிறது. இத்தாலிக்கு எதிராக 0-1 என்று பின்தங்கியிருந்தபோது ஹிடிங்க் என்ன செய்தார் தெரியுமா? தடுத்தாடுபவர்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்து முன்களத்தவர்களை இறக்கினார். 83ஆவது நிமிடத்தில் கேப்டனையே வெளியே கூப்பிட்டுவிட்டார். ஐந்து நிமிடத்தில் சமநிலைக் கோல் வந்தது, 117ஆவது நிமிடத்தில் விழுந்ததும் ஆட்டத்தையே முடித்துவிடும் தங்கக் கோலும் ஆன் ஜங்-ஹ்வானிடமிருந்து வந்தது. தன் ஆட்ட வாழ்க்கையின் மிகப் பெரிய இரவின் முடிவை அவர் வெளியே நின்றுதான் பார்த்தார்.

ஸ்பெயின் ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். ஜூன் 22, சனிக்கிழமை, நம் ஊரில் நண்பகல் 12 மணி. உன் வீட்டுக் கூடத்தில் உன் அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப் போனார்கள். ஸ்பெயின் போட்ட இரண்டு கோல்களை நடுவர்கள் செல்லாது என்றார்கள்; அவற்றில் ஒன்று, கோலுக்கு முன்பே பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டதாகச் சொல்லி மறுக்கப்பட்டது, தவறான தீர்ப்பு என்று அன்றே நீ சொன்னாய், நானும் அப்படியே நினைக்கிறேன். அதை மறைத்துவிட்டு அந்த வெற்றியைக் கொண்டாடுவது சரியல்ல. ஆனால் 120 நிமிடங்கள் அந்தப் பின்களம் உழைத்த உழைப்பு நடுவர் கொடுத்தது இல்லை. பெனால்டியில் ஸ்பெயின் வீரர் ஹோவாக்கினின் அடியை லீ ஊன்-ஜே தடுத்த பிறகு, ஐந்தாவதாக ஹோங் நடந்து வந்தார். நடு வட்டத்திலிருந்து பந்து இருக்கும் இடம்வரை அவர் நடந்த நடை, முகத்தில் எந்த அசைவும் இல்லை. அடித்தார், பந்து ஸ்பெயின் கோல்கீப்பர் காசியாஸைத் தாண்டி வலைக்குள் போனது. அதன் பிறகு இரு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார் பார், அதுவரை கல்லாய் இருந்த அந்த முகம் அப்படியே குழந்தை முகமாக மாறிவிட்டது. அந்தச் சிரிப்பின் படம் இங்கே எத்தனையோ கடைகளின் சுவரில் மங்கிப்போய்த் தொங்குகிறது.

யாழினிக்கு நான் காட்ட நினைப்பது அந்தச் சிரிப்பை மட்டும் அல்ல. சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூன் 29 அன்று டேகுவில், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் துருக்கியை எதிர்கொண்டார்கள். கொரியாதான் ஆட்டத்தைத் தொடங்கியது. பந்து பின்னால் ஹோங்கிடம் வந்தது. அதைக் கட்டுப்படுத்துவதற்குள் துருக்கி வீரர்கள் பறித்துக்கொண்டார்கள், ஹக்கான் சுக்கூர் கோலடித்துவிட்டார். விசில் ஊதி 11 வினாடிகள்கூட முடியவில்லை. உலகக் கோப்பை வரலாற்றிலேயே மிக வேகமான கோல் என்று அது பதிவாயிற்று, தவறு ஹோங்குடையது. கொரியா 2-3 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கைகோத்து வரிசையாக நின்று பார்வையாளர்களை வணங்கினார்கள். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஆலிவர் கான், ரொனால்டோ ஆகியோருக்கு அடுத்து மூன்றாம் இடத்துக்கான வெண்கலப் பந்து விருது ஹோங்குக்குக் கிடைத்தது. ஆசியாவிலிருந்து அதுவரை எவரும் அந்த மூன்று இடங்களில் ஒன்றையும் தொட்டதில்லை. அவளிடம் கேள், அந்த 11 வினாடிகளை அவள் எந்தக் கணக்கில் எழுதுவாள் என்று.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய அணிக்காக 136 ஆட்டங்கள், 10 கோல்கள்; நான்கு உலகக் கோப்பைகளிலும் அதே 20ஆம் எண் சட்டை. கடைசி இரண்டு பருவங்கள் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸியில் ஆடிவிட்டு 2004இல் ஓய்வு பெற்றார். பயிற்சியாளராக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானை வென்று வெண்கலம் பெற்றுத் தந்தார். 2014 உலகக் கோப்பையில் ஒரு வெற்றியும் இல்லாமல் திரும்பியபோது விமான நிலையத்திலேயே அணியின் மீது மிட்டாய் வீசி (இங்கே அது திட்டுவதற்குச் சமம்) அவமானப்படுத்தினார்கள். பிறகு போஹாங்குக்குப் பக்கத்து ஊரான உல்சானின் அணிக்குப் பயிற்சியாளராகி, 2022இலும் 2023இலும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2024இல் மீண்டும் தேசிய அணிக்குப் போனபோது, அவரைத் தேர்ந்தெடுத்த முறை பற்றி நாடே சண்டையிட்டது. பயிற்சியாளர் ஹோங்கைப் பற்றி என் நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்; ஆட்டக்காரர் ஹோங்கைப் பற்றி அவர்களுக்குள் சண்டையே வராது.

உல்சானும் போஹாங்கும் மோதும் ஆட்டத்தைக் கிழக்குக் கடற்கரை டெர்பி என்பார்கள். அப்படியோர் ஆட்டத்தின்போது ஹோங்கை ஸ்டீல் யார்டில் நேரில் பார்த்தேன். எதிரணியின் பயிற்சியாளராகக் கோட்டோரம் கைகட்டி நின்றிருந்தார். பந்து மறுமுனையில் இருக்கும்போதும் அவர் அதைப் பார்க்கவில்லை, செல்வம். தன் பின்கள வீரர்கள் எவ்வளவு இடைவெளியில் நிற்கிறார்கள் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளங்கையைத் தாழ்த்தி ஒருவரை இரண்டடி உள்ளே வரச் சொன்னார். சற்று நேரத்தில் சரியாக அந்த இரண்டடிக்குள்தான் எங்கள் அணியின் பாஸ் வந்து சிக்கியது. என் பக்கத்தில் இருந்த, கறுப்பும் சிவப்புமான போஹாங் சட்டை போட்ட பெரியவர், தன் அணிக்கு எதிராக நடந்ததற்குத் தன்னையறியாமல் தலையசைத்தார்.

யாழினியை ஸ்பெயின் ஆட்டத்தின் 120 நிமிடங்களையும் உட்கார்ந்து பார்க்கச் சொல். பந்தைப் பார்க்க வேண்டாம். 20ஆம் எண்ணை மட்டும் பார்க்கட்டும். அவர் எப்போது கை காட்டுகிறார், எப்போது பின்வாங்குகிறார், எத்தனை முறை ஓடாமலே பந்தை எடுத்துவிடுகிறார் என்று ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்பச் சொல். நீயும் பக்கத்தில் உட்கார். பதில் தெரிந்தாலும் சொல்லிக் கொடுக்காதே. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. குர்யோங்போ துறைமுகத்தில் மீனைக் கடற்காற்றில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள், கருவாட்டு வாசனை வரும்போதெல்லாம் உன் வீட்டுக் கூடம்தான் நினைவுக்கு வருகிறது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்,
ராஜேந்திரன்