பூஜ்யம் போட்டு நடந்தோம்

கிளீவ்லாந்து
ஜனவரி 9, 2018

அன்புள்ள சேகர்,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்.

இங்கே செய்தி ஒன்றுதான். எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி, கிளீவ்லாந்து பிரவுன்ஸ், இந்த சீசனில் 16 ஆட்டம் ஆடி பதினாறிலும் தோற்றுவிட்டது. இதற்கு முன் 2008-இல் டெட்ராய்ட் லயன்ஸ் மட்டும்தான் இப்படிப் பதினாறிலும் தோற்றது. ஊரே துக்கம் காக்கிறதா என்று கேட்பாய். ரசிகர்கள் கேலியாக ஊர்வலம் போனார்கள்! போன சனிக்கிழமை. பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஸ்டேடியம் ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது. மங்கி குல்லாவுக்குள்ளேயும் காது விறைத்தது. பெரியவர் தடிக் கோட்டுக்கு மேல் ஆரஞ்சு ஜெர்சியை மாட்டியிருந்தார்; சின்ன உறைக்குள் திணித்த தலையணை மாதிரி. ஸ்டேடியத்தைச் சுற்றி வட்டமாக நடந்தோம். வானத்திலிருந்து பார்த்தால் பூஜ்யம் தெரியுமாம். திரட்டிய பணம் உணவு வங்கிக்கு.

போன வருடமே நடந்திருக்க வேண்டிய ஊர்வலம். 2016 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சான் டியாகோ சார்ஜர்ஸை 20-17 என்று ஜெயித்துத் தொலைத்ததால் ரத்தானது. அந்த சீசனில் ஒரு வெற்றி, 15 தோல்வி. மறுபடி அப்படி ஆனால் ஏரியில் நீந்துகிறேன் என்றார் பயிற்சியாளர் ஹ்யூ ஜாக்சன். ஒரு வகையில் அவர் வாக்கு பலித்தது, அந்த ஒரு வெற்றியும் வரவில்லையே!

கடைசி ஆட்டம் பிட்ஸ்பர்கில். பிட்ஸ்பர்க் அணி தன் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வே கொடுத்துவிட்டது. அப்படியும் நாங்கள் 28-24 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் நாலாவது முயற்சி, அதாவது கடைசி வாய்ப்பு. நம் கபடியில் 'டூ ஆர் டை' ரெய்டு போல வைத்துக்கொள். எங்கள் அணியின் கைசர் என்ற 21 வயதுப் பையன், பிடிக்க வந்தவர்களுக்குத் தப்பி ஓடிப் பந்தை வீசினான். எங்கள் கோரி கோல்மன் தனியாக நிற்கிறான், பக்கத்தில் ஒருவரும் இல்லை. கைக்கு வந்த பந்து நழுவிவிட்டது. பெரியவர் கத்தவில்லை. எழுந்துபோய்க் குப்பையைக் கட்டி வெளியே வைத்துவிட்டு வந்தார்.

எனக்கு மனசில் நிற்பது ஜோ தாமஸ்தான். பந்தை வீசுகிறவனை அடிக்க வருகிறவர்களை மறிப்பது அவர் வேலை. பந்து அவர் கைக்கு வருவதே இல்லை. 2007-இல் வந்ததிலிருந்து தொடர்ந்து 10,363 முறை, ஒன்றுகூட விடாமல், களத்தில் நின்றார். அக்டோபரில் டென்னஸியுடன் ஆடும்போது கைத்தசை கிழிந்துதான் உட்கார்ந்தார். 11 வருடத்தில் பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றின் பக்கமே போகாத அணிக்காக! அவருக்குப் பின்னால் நின்று பந்து வீசினவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2016-இல் அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, இரண்டாவதாக எடுக்கும் வாய்ப்பை இவர்கள் ஃபிலடெல்பியா அணிக்குக் கைமாற்றிவிட்டார்கள். அவர்கள் கார்சன் வென்ட்ஸ் என்ற பந்து வீசுகிறவனை எடுத்து இப்போது கொடிகட்டிப் பறக்கிறார்கள்.

சரி, தியாகராஜ ஆராதனை சமயத்தில் இங்கே வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா? அப்போதும் குளிர் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்து வை.

அப்புறம், நேற்று பெரியவர் வந்தார். அடுத்த சீசனுக்கும் டிக்கெட் வாங்கப் போகிறாராம், பாதிப் பணம் போடுகிறாயா என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இன்னும் தெரியாது.

அன்புடன்,
முரளி