அக்காவுக்கு, நீ மறுபடி பலூன் புக் பண்ணிருக்கன்னு கேள்விப்பட்டு

அக்கா,

ஆகஸ்ட்ல கென்யாவுல மசாய் மாரா சரணாலயத்துக்கு போறியாம், மேல பறந்து மிருகம் பாக்க பலூனும் புக் பண்ணிட்டியாம், அத்தான் சொன்னாங்க. இந்த தடவ வேற கம்பெனியாம், அவங்க குடுக்கற பாரத்துல உன் முதுகு ஆபரேஷன் பத்தி எழுதப்போறதில்லையாம். அத்தான திட்டாத, நான்தான் தோண்டித் தோண்டி கேட்டேன். என் நம்பர பிளாக் பண்ணி வச்சிருக்க, ஆனா நான் இங்க எழுதறத ஒண்ணு விடாம படிக்கிறன்னு தெரியும், அதான் ஊரே பாக்கற எடத்துல இத எழுதறேன்.

முடிவ முதல்லயே சொல்லிடறேன். இந்த தடவ நான் யாருக்கும் போன் பண்ண மாட்டேன், மெயில் போட மாட்டேன். உன் முதுகு, உன் முடிவு. ஆனா போன தடவ உன்ன விட்டுட்டு நான் பலூன்ல மேல போனப்போ என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லவே இல்ல, நீயும் கேக்கல. அத தெரிஞ்சுக்கிட்டு போ.

அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் பலூன் கம்பெனி கவுண்டர்ல உன் முதுகு ஆபரேஷன் பத்தி நான் சொன்னதும், அதனால உன்ன ஏத்தாம விட்டதும் நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். ஆபரேஷன் எதனால வந்துச்சுன்னும் தெரியும், அத இங்க எழுத மாட்டேன், சொந்தக்காரங்க படிக்கிறாங்க. நான் சொன்னது தப்புன்னு எனக்கு இப்பவும் தோணல. எல்லார் முன்னாடியும் வச்சு சொன்னது உனக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு தெரியுது, அதுக்கு மன்னிச்சிரு, ஆனா தனியா கூப்பிட்டு சொல்லிருந்தா நீ கேட்டிருப்பியா சொல்லு, ஒரு பார்வை பாத்து என் வாய அடைச்சிருப்ப. அம்மா போனதுக்கப்பறம் நீதான் என்ன வளத்த, அதனால உன்ன எதுத்து ஒரு வார்த்த பேசறதுக்கு எனக்கு நாலு பேர் கூட நிக்க வேண்டியிருக்கு. இதையும் புரிஞ்சுக்கோ.

பலூன் பத்தி உனக்கு நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. 1976-ல காட்டு மிருகங்கள படம் எடுக்கற ஆலன் ரூட் மாராவுல பலூன் சஃபாரி ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடியே அவரும் அவர் பொண்டாட்டி ஜோனும் கிளிமஞ்சாரோவுக்கு மேலயே பறந்தது எல்லாம் நீ நைரோபி வீட்டு பால்கனில உக்காந்து எனக்கு சொன்னதுதான். இருட்டுல வண்டில போனது, ரோட்டோரம் புல்லு மேஞ்சுக்கிட்டு நின்ன நீர்யானை, ஃபேன் வச்சு காத்தடிச்சு பலூன நிமுத்தினது வரைக்கும் நீயும் கூடவே இருந்த. கூடைய சாச்சுப் போட்டிருந்தாங்க, நாங்க மல்லாக்கப் படுத்து காலத் தூக்கி உள்ள நுழைஞ்சோம், பர்னர் எரிஞ்ச வெளிச்சத்துல நீ மஞ்ச சால்வையோட கைய கட்டிட்டு நின்ன. நான் கையாட்டினேன். நீ ஆட்டல.

மேல போனதும் குளிருல நடுங்கினேன், தலைக்கு மேல மட்டும் அனல். பர்னர நிறுத்தினா ஒரு சத்தமும் இல்ல, கீழேருந்து வில்டபீஸ்ட், அதான் அந்த மாடு மாதிரி இருக்கற மான், கூட்டம் முனகற சத்தம் அப்படியே மேல ஏறி வருது. பத்து லட்சத்துக்கு மேல வர்ற கூட்டத்துல நாங்க பாத்தது ஒரு ஓரம்தான், அதுக்கே கண்ணு கொள்ளல, ஒண்ணு பின்னாடி ஒண்ணா கோடு போட்ட மாதிரி போகுது. நீர்யானை ராத்திரி மேய வந்து போற தடம் ஆத்துலேர்ந்து புல்லுக்குள்ள கெளை கெளையா பிரிஞ்சு போறது மேலேருந்து பாத்தாதான் தெரியுது.

அப்பறம் அந்த மரம்.

பைலட்டால ஏத்தவும் எறக்கவும்தான் முடியும், எந்தப் பக்கம் போறதுங்கறது ஒவ்வொரு உயரத்துல அடிக்கற காத்தப் பொறுத்தது. அன்னைக்கு தாழ்வா வந்த காத்து எங்கள ஒரு தட்டையான மரத்த நோக்கி தள்ளிட்டுப் போச்சு. மரத்து உச்சில குச்சிய குமிச்சு கயித்துக் கட்டில் அகலத்துக்கு ஒரு கூடு. ஓரத்துல உன்னோட அந்த பெரிய பிணந்தின்னிக் கழுகு, லாப்பெட் ஃபேஸ்டு, உக்காந்திருக்கு, அந்த சிவந்த மொட்டத் தலை, கழுத்துப் பக்கம் தொங்கற தோல் மடிப்பு, எல்லாம் தெரியுது. நடுவுல குஞ்சு. ஒண்ணே ஒண்ணு. வெளுத்த சாம்பல் நிறத்துல பஞ்சு பஞ்சா, தலைய நிமுத்த முடியாம ஒரு பக்கமா சாச்சு வச்சிருந்துச்சு. தாய் எங்கள பாத்துச்சு, எந்திரிக்கல, ரெக்கைய மட்டும் லேசா விரிச்சு குஞ்சு மேல நிழல் போட்டுச்சு. பைலட் உடனே பர்னர போட்டு மேல தூக்கிட்டார், அதுங்கள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு.

எத்தன வருஷமா கீழ நின்னு அண்ணாந்து அண்ணாந்து கூட்டோட அடிப்பக்கத்த மட்டும் போட்டோ எடுத்துட்டிருந்த. சிங்கத்துக்கு வைக்கற விஷத்துல ஒரே செத்த மாட்ட சுத்தி இதுங்க கூட்டமா செத்துக் கெடந்தத பாத்துட்டு வந்து ஒரு வாரம் சாப்பிடாம கெடந்த. உனக்கு கெடச்சிருக்க வேண்டிய காட்சி அது. பறவைல காக்கா தவிர ஒண்ணும் தெரியாத எனக்கு கெடச்சுது. கைல கேமரா இருந்தும் நான் எடுக்கல, ஏன்னு தெரியல, உன்கிட்ட காட்டற தைரியம் வராதுன்னு அப்பவே தோணுச்சோ என்னவோ.

ஆனா அதுக்கப்பறம் லேண்டிங். அத எறங்கறதுன்னு சொல்லக்கூடாது. காத்து ஏறிடுச்சு. எல்லாரும் பெஞ்சுல உக்காருங்க, போற திசைக்கு முதுகு காட்டுங்க, தலைய பின்னாடி சாயுங்க, கயித்த புடிங்கன்னார் பைலட். முதல் இடி நேரா தண்டுவடத்துல எறங்கிச்சு. கூடை எகிறி மறுபடி விழுந்துச்சு, அப்படியே சாஞ்சு புல்லுல தரதரன்னு இழுத்துட்டுப் போச்சு. நின்னப்போ நாங்க மல்லாந்து கெடந்தோம், பக்கத்து சீட்டம்மா முழு பாரமும் என் தோள்ல. நல்ல முதுகு எனக்கே ரெண்டு நாள் குனிய முடியல. உனக்குள்ள பிளேட்டும் ஸ்க்ரூவும் இருக்கு. எல்லா நாளும் அப்படி எறங்காது, சில நாள் பூ மாதிரி உக்காருமாம். எந்த நாள் எப்படின்னு பைலட்டுக்கே காலைலதான் தெரியும்.

சாப்பாட்டு மேஜைக்கு உன்ன ஜீப்புல கூட்டிட்டு வந்தாங்க. ஷாம்பெயின் ஊத்தறாங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ டோஸ்ட்ட பிச்சு பிச்சு தட்டுல போட்டுட்டே இருந்த, ஒரு வாய் சாப்பிடல. அன்னைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா நான் அந்த குஞ்ச பத்தி சொல்லிருப்பேன். நீ கேக்கல. அதுக்கப்பறம் குடும்பத்துல எல்லார்கிட்டயும் 400 டாலருக்கு மேல கட்டி கூட்டிட்டு வந்தா என்ன கீழ விட்டுட்டு அவன் பறந்தான்னு சொன்ன பாரு, அத என்னால இன்னும் ஜீரணிக்க முடியல. நீயும் போடான்னு சொன்னது யாரு? நான் வரல, கேன்சல் பண்ணலாம்னு சொன்னப்போ என்ன திட்டினது யாரு? இத மட்டும் யார்கிட்டயும் சொல்லல இல்ல.

சரி விடு.

போ. ஆனா போறதுக்கு முன்னாடி ஸ்கேன எடுத்துட்டு உன் டாக்டர்கிட்ட காட்டு, மேல எழுதின லேண்டிங்க அப்படியே அவர்கிட்ட வாசிச்சுக் காட்டு. அவர் சரின்னா லெட்டர் வாங்கிக்க, பாரத்துல உண்மைய எழுது. அவர் வேண்டாம்னும் நீ கேக்கலன்னா அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.

அப்பறம், அம்மா திவசத்துக்கு ஊருக்கு வர்றியா இல்லையான்னு அத்தான்கிட்டயாவது சொல்லி அனுப்பு. சமையலுக்கு ஆள் சொல்லணும்.