பழைய பேனலில் ப்ளோவர் அடிக்கச் சொல்லாதீர்கள்

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளின் முதலாளிகளுக்கும் பராமரிப்பு மேலாளர்களுக்கும் வணக்கம்.

ஆயுத பூஜை வரப்போகிறது. முந்தின நாள் மெயினை ஆஃப் செய்து, மின் பேனலைத் திறந்து தூசி போக ப்ளோவர் அடிப்பது நம் வழக்கம். எலக்ட்ரீஷியனாக நானும் இருபது வருஷம் அதைச் செய்தவன்தான், பறக்கிற தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்று தெரியாமல்.

ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரை ஷீட்தான் நமக்கு நினைவுக்கு வரும். பழைய கிட்கேட் ஃப்யூஸ் கேரியரைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானுக்குள் அழுக்கு வெள்ளையில் நெய்த பட்டை இருந்தால், அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஏர் பிரேக்கரில் பொறியை அடக்கும் ஆர்க் சூட், ஹீட்டர் ஒயரின் உறை, ஃபர்னஸ் கதவுக் கயிறு, சில போர்டுகளின் பின்பலகை என்று சூடும் பொறியும் படுகிற இடமெல்லாம் அதைப் போட்டார்கள். வெறும் கண்ணால் உறுதி சொல்ல முடியாது, லேபில்தான் தெரியும்.

ஒரு ஷட்டவுனில் என் ஹெல்பர் பையன் ஆர்க் சூட்டை எமரித் தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வெயிலில் தூசி கீழே இறங்காமல் அப்படியே மிதந்தது. மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தான். அந்தத் தூசியில் இருக்கக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் இழைக்குக் கைக்குட்டை ஒரு தடையே இல்லை. நுரையீரலில் தங்கிவிட்டால் 20, 40 வருஷம் கழித்துக்கூட நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எல்லாம் வரலாம். சட்டையில் ஒட்டியது வீட்டுக்கும் போகும். அதை உதறித் துவைக்கிற பெண்களுக்கும் நோய் வந்திருக்கிறது. அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. வேலை கொடுத்தவர்களும் சொல்லவில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. சரி, நாலு நாள் கான்ட்ராக்டில் வந்து போகிற எலக்ட்ரீஷியன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

உங்களிடம் கேட்பது இதுதான். பழைய பேனல்களைப் பார்த்து, சந்தேகமானதில் எச்சரிக்கை ஒட்டுங்கள். ஒர்க் ஆர்டரிலும் அதை எழுதுங்கள். லேபில் பார்க்கும்வரை ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ப்ளோவர், எமரி, துடைப்பம் மூன்றும் வேண்டாம். கரன்ட் இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்தபின் ஈரத் துணியால் துடைக்கட்டும், அல்லது நுண்தூசியையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வாக்குவம் வாங்கிக் கொடுங்கள். நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட ரெஸ்பிரேட்டர் முகமூடியும் வேலை முடிந்ததும் அங்கேயே கழற்றி வைக்க மாற்றுடையும் கொடுங்கள். துடைத்த துணியையும் கழற்றிய துண்டுகளையும் இரட்டைப் பாலித்தீனில் கட்டித் தனியாக வையுங்கள், காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்.

இந்த ஆயுத பூஜைக்குப் பேனலுக்கு வெளியிலிருந்து பொட்டு வைத்தால் போதும்.