மாமா கேட்ட கேள்வி

அன்புள்ள மாமிக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். மாமாவின் ஆண்டுத் திவசத்துக்கு வர முடியவில்லை, என் பேப்பர் அலுவல்கள் இன்னும் முடியவில்லை. காசு சின்னவனின் கணக்கில் போட்டிருக்கிறேன். செலவு போக மிச்சம் உங்கட கண் ஒப்பரேசனுக்கு. தள்ளிப்போட வேண்டாம் மாமி. மாமா இருந்தால் விட்டிருக்க மாட்டார்.

நான் கோல் எடுத்தால் மாமா சம்பளத்தைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. முதலில் "சாப்பிட்டியா தம்பி?" பிறகு, "அங்க குதிரையள் பனிக்குள்ள என்ன செய்யுதுகள்?" அப்போது டொரன்டோவில் நான் கண்ட குதிரை பொலிஸ்காரர் ஏறிப் போவது மட்டும்தான். இப்போது சனி, ஞாயிறுகளில் நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணையில் குதிரை பார்க்கும் வேலை. மாமாவுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன்.

குளிர்காலம் வர முன்பே அதுகளுக்கு மயிர் தடித்து வளர்ந்துவிடும். காற்றும் ஈரமும் இல்லாவிட்டால் மைனஸ் 10 பாகையிலும் வெளியில்தான் நிற்குதுகள். முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும், உடம்புச் சூட்டை அந்த மயிர் வெளியே விடாது. காய்ந்த புல் வயிற்றுக்குள் புளித்துச் செரிக்கும்போதும் சூடு வரும். அதனால் குளிர் கூடினால் புல்லைத்தான் கூட்டிப் போடுவோம். தண்ணீர்தான் பெரிய பாடு. ஐஸ் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், பிறகு குடல் அடைத்து வயிற்றுக்குத்து வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க ஏலாது என்று மாமா சொல்லுவாரே, ஆகவே வயிற்றுக்குத்து என்றால் இங்கும் எல்லோரும் பதறுவார்கள். தொட்டிக்குள் கறண்ட் ஹீற்றர் போட்டிருக்கிறார்கள்.

விடிய முதல் வேலை குளம்பு பார்ப்பது. லாடத்துக்குள் பனி இறுகிக் கட்டியாகிவிடும், அதைக் கிண்டி எடுக்காவிட்டால் சறுக்கி விழும். மாமா காட்டித் தந்தபடி தோளைத் தடவி, கையைக் காலின் பின்பக்கமாக இறக்கி, முழங்காலுக்குக் கீழே நரம்பை மெல்ல அமத்துவேன். தானே காலைத் தூக்கித் தரும். பண்ணைக்காரப் பெண் பார்த்துவிட்டு எங்கே படித்தாய் என்று கேட்டா. உப்புவெளிக் கடற்கரையில், மாமாவின் குதிரை ராணியின் காலில் என்றேன்.

நுவரெலியா ஓட்டக் குதிரை லாயத்தில் மாமா வேலை செய்த கதையெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓட ஏலாது என்று கழித்துவிட்ட ராணியை லொறியில் ஏற்றி வந்தவராம். கடல் அமர்ந்து கிடக்கும் மாதங்களில் விடியற்காலமை அவளை முழங்கால் தண்ணீரில் நிறுத்தி வைப்பார், கால் வீக்கத்துக்கு. வீட்டுக்கு வந்ததும் கொள்ளுப் பானை. அவிந்ததில் முதல் அகப்பை தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு எங்களுக்கு, மிச்சம் தவிட்டோடு ராணிக்கு. அப்பா போன பிறகு எங்களை உங்கட பிள்ளைகளோடு ஒன்றாக இருத்தித் தந்த அந்தக் கொள்ளு. நீங்கள் இருவரும் கடைசியாகத்தான் சாப்பிடுவீர்கள்.

நெடுந்தீவுக்குப் போனது நினைவிருக்கிறதா? குறிகட்டுவானில் படகு ஏறினபோதே மாமா எழும்பி நின்றுவிட்டார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து அங்கே நிற்கிற குதிரைகளைக் காட்ட எங்களைக் கூட்டிப் போனவர், அதுகள் வெயிலில் வற்றின குளத்தடியில் விலா எலும்பு தெரிய நிற்பதைக் கண்டு பேச்சில்லாமல் போனார். நாங்கள் கோட்டை பார்த்துவிட்டு வரும்போது, இரவல் வாளியால் கிணற்றில் அள்ளிக்கொண்டிருந்தார். நீங்கள் சேலையைச் செருகிக்கொண்டு தூக்கிப்போய் ஊற்றினீர்கள். மாமாவை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது நீங்கள் இருவரும் அப்படி நின்ற நிலைதான்.

1860 முதல் வருடா வருடம் நடக்கும் பெரிய குதிரை ஓட்டம் இந்தக் காலத்தில் இங்கே வுட்பைன் என்ற திடலில்தான் நடக்கிறது. அவரைக் கூட்டிப்போக வேண்டுமென்று ஆசை வைத்திருந்தேன். ஓட்டத்தை விட லாயத்தைத்தான் பார்க்கக் கேட்டிருப்பார்.

மாமி, மாமாவின் நார் புருசும் குளம்பு கிண்டும் கொக்கியும் பின் கொட்டிலில் தொங்கினது. சின்னவன் எறிந்துவிடப் போகிறான். ஆவணியில் அடுத்த வீட்டு அக்கா இங்கே வருகிறாவாம், அவவிடம் கொடுத்து விடுங்கோ. கொக்கியைத் துணியில் சுற்றி, பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கோ. கைப்பையில் வைத்தால் எயார்போட்டில் பறித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்