நாற்பதாயிரம் கோடியை எத்தனை தலையால் வகுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சிகளின் மக்கள்தொகை, வருவாய், வளம் ஆகியவை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஓர் ஊர் செழிப்பாக இருக்கிறதா என்ற கேள்விக்கு, அந்த ஊரில் புரளும் பணத்தைத் தலைக்கணக்கால் வகுத்து விடை சொல்லும் வழக்கம் அவற்றில் மிகுதியாகக் காணப்படுகிறது. திருப்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவள் என்ற முறையிலும், கடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் படிவம் எடுத்துச் சென்றவள் என்ற முறையிலும், அந்த வகுத்தல் கணக்கைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். இன்றைய மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி 8,77,778 பேர். வகுத்துப் பார்த்தால், தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்பட, தலைக்கு நாலரை லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. மேடைகளில் சொல்லக் கேட்க இனிமையான எண்தான். ஆனால் ஏற்றுமதி மதிப்பு என்பது நூலுக்கும் சாயத்துக்கும் மின்சாரத்துக்கும் வட்டிக்கும் போனதையெல்லாம் சேர்த்த விற்றுவரவே தவிர, ஊராரின் வருமானம் ஆகாது. அந்தத் துணியில் ஒரு பெரும்பங்கு அவிநாசியிலும் பெருமாநல்லூரிலும் மங்கலத்திலும் பல்லடத்திலும் தைக்கப்பட்டது. ஆக, மேலே இருக்கும் எண் இந்த மாநகராட்சிக்கு மட்டும் உரியதன்று. கீழே இருக்கும் எண்ணோ, அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் இன்று கட்டிங் மேசையிலும் ஓவர்லாக் மிஷினிலும் நிற்கும் அளவுக்குப் பழையது.

திருப்பூர் 2008இல் மாநகராட்சி ஆனபோது அதன் பரப்பு சுமார் 27 சதுர கிலோமீட்டர். 2011இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் ஆண்டிபாளையம், முருகம்பாளையம், வீரபாண்டி, நெருப்பெரிச்சல் உள்ளிட்ட எட்டு ஊராட்சிகளும் இணைக்கப்பட்டு அது சுமார் 159 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய நகரத்தில் அப்போது சதுர கிலோமீட்டருக்குப் பதினாறாயிரம் பேருக்கு மேல் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். சேர்ந்த பகுதிகளில் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். காலி நிலம் இருந்ததும் அங்கேதான். அதன்பிறகு வரிசை வரிசையாக ஒற்றை அறை லைன் வீடுகள் எழும்பியதும் அங்கேதான். குழாயும் சாக்கடையும் குப்பை வண்டியும் எந்தப் பக்கம் குறைவாக இருந்தனவோ அந்தப் பக்கமே மக்கள் பெருகினார்கள். அந்தப் பெருக்கம் எந்த அதிகாரபூர்வக் கணக்கிலும் இன்னும் ஏறவில்லை. 2022 பிப்ரவரியில் நாங்கள் வாக்களித்த அறுபது வார்டுகளும் 2011 எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கப்பட்டவையே.

இனி, நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். 2010இல், கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப்பட்டியல் எடுக்கும் பணியில் எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் ஒரு காம்பவுண்டு இருந்தது. எதிரும் புதிருமாக ஆறாறு கதவுகள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கோடியில் இரண்டு கழிப்பறைகள். வார நாட்களில் போனால் பன்னிரண்டு கதவிலும் பூட்டுத்தான் தொங்கும். சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கி, ஞாயிறு காலையில் துணி துவைத்துக் கறி எடுத்து வரும் நேரத்தில்தான் ஆட்களைப் பிடிக்க முடிந்தது. தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் எனப் பல மாவட்டத்துக் குடும்பங்கள். ஒரு வீட்டில் பத்துக்குப் பத்து அறை ஒன்று, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. வசிக்கும் அறைகள் எத்தனை என்ற கட்டத்தில் 1 என்று எழுதினேன். அந்த வீட்டில் வசிக்கும் மணமான தம்பதியர் எத்தனை என்ற கட்டத்தில் 2 என்று எழுதினேன். அந்த இரண்டாவது மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

அடுத்து, குடிநீர் எங்கே கிடைக்கிறது என்ற கேள்வி. குழாய் காம்பவுண்டுக்குள் இருந்ததால், விதிப்படி அது வளாகத்துக்குள்ளேயே கிடைக்கும் குடிநீர். பன்னிரண்டு வீட்டுக்கும் அப்படியே எழுதினேன். கழிப்பறை வளாகத்துக்குள் உண்டா என்றால் உண்டு. பன்னிரண்டு வீட்டுக்கும் உண்டு. இரண்டு கழிப்பறையை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை. விளக்குக்கு மின்சாரமா என்ற கேள்விக்கும் பன்னிரண்டு முறை ஆம். ஆக, தனிக் கிணறும் இரண்டு குளியலறையும் உள்ள ஒரு முதலாளி வீட்டுக்கும் அந்த லைன் வீட்டுக்கும் இந்த மூன்று கேள்விகளிலும் என் கையாலேயே ஒரே மதிப்பெண் போட்டுவிட்டு வந்தேன். விடைத்தாள் திருத்திப் பழகிய எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

இதைவிடப் பெரிய ஓட்டை கம்பெனி விடுதிகள். 2011 பிப்ரவரியில் மக்களை எண்ணும் சுற்றில், பெண் பிள்ளைகள் தங்கியிருந்த ஒரு விடுதியின் வாயிலில் நின்றேன். உள்ளே விடவில்லை, காவலாளி ஒரு பெரிய பேரேட்டைக் கொண்டுவந்து வெளியே பெஞ்சில் வைத்தார். பெயர், வயது, ஊர் என்று அதிலிருந்துதான் பார்த்து எழுத முடிந்தது. உறவில்லாதவர்கள் ஒரே சமையலறையில் உண்டு ஒரே நிறுவனத்தின் கீழ்த் தங்கியிருந்தால் கணக்கெடுப்பு அதை நிறுவனக் குடும்பம் என்று வகைப்படுத்துகிறது. வீட்டு வசதிகளைக் காட்டும் அட்டவணைகளில் நிறுவனக் குடும்பங்களைச் சேர்ப்பதில்லை. அதாவது அந்தப் பெண்கள் தலைகளாக எண்ணப்பட்டார்கள், ஆனால் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்ற கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை. அன்று தென் மாவட்டப் பெண்களாக இருந்தார்கள். இன்று விடுதிகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்ப் பிள்ளைகள் மிகுதியாக இருக்கிறார்கள். ஆண்கள் ஓர் அறையை ஏழெட்டுப் பேராக வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இவர்களுடைய ரேஷன் அட்டை ஊரில், வாக்கு ஊரில், மகளிர் உரிமைத்தொகை வாங்கும் தேனிப் பெண்ணுக்கு அந்த விண்ணப்பமும் ஊரில். உழைப்பும் குப்பையும் தண்ணீர்த் தேவையும் மட்டும் திருப்பூரில்.

எண்ணில் விழும் பிழை பணத்தில் வந்து முடிகிறது. மத்திய அரசின் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு உள்ளாட்சி மானியங்களை மாநிலங்களுக்குப் பிரித்தபோது 2011 மக்கள்தொகைக்கு 90 சதவீதமும் பரப்புக்கு 10 சதவீதமும் எடை கொடுத்தது. தமிழக அரசு தன் சொந்த வரி வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்குத் தரும் பத்து சதவீதப் பங்கிலும் மக்கள்தொகையே முதன்மை அளவுகோல். அந்தந்த ஊரிலேயே பிறந்து, வளர்ந்து, இறக்கும் மக்கள் உள்ள ஊருக்கு இது பெரிய இழப்பைத் தராது. ஆண்டுதோறும் ஆட்கள் வந்து இறங்கும் எங்கள் ஊருக்கு, சாப்பிட வந்தவர்கள் முந்நூறு பேர் இருக்கையில் நூறு இலைக்குச் சமைப்பது போல ஆகிவிடுகிறது. இலை போடும்போது யார் பந்திக்கு முந்துவார்கள் என்பதைத் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்குள் நடக்கும் பங்கீட்டிலும் அதே கோணல் உண்டு. 2016 முதல் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை இணைப்புக்கு உரியது, குடும்பத்துக்கு உரியதன்று. ஒரே மீட்டரில் பல வீடுகள் ஓடும் காம்பவுண்டுகளில் அந்த நூறு யூனிட் கட்டட உரிமையாளர் கணக்கில் கரைந்துவிடுகிறது. குடியிருப்பவர்களிடம் யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். சொத்து வரியும் இப்படித்தான். 2022இல் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என வரி உயர்த்தப்பட்டது. எளியவர்மேல் சுமை குறைவாக விழ வேண்டும் என்பதே இந்தப் படிநிலையின் நோக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நூற்றிருபது சதுர அடியில் ஒரு குடும்பம் வீதம் பன்னிரண்டு குடும்பங்கள் வாழும் லைன் வீடு ஒரே கட்டடமாக மதிப்பிடப்பட்டால், 1,440 சதுர அடி என்று அது 75 சதவீதப் படியில் போய் உட்காரும். வரி ரசீது உரிமையாளர் பெயரில் இருக்கும். அடுத்த மாத வாடகையில் அது இருநூறு, முந்நூறு ரூபாயாக இறங்கும்.

இத்தகைய குடும்பங்களுக்குத் தாங்கும் சக்தி எவ்வளவு என்பது 2025 ஆகஸ்டில் தெரிந்தது. அமெரிக்கா இறக்குமதி வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது செய்திகளில் கோடிக்கணக்கான ஆர்டர்கள் பற்றிப் பேசினார்கள். என் தெருவில் அது வேறு வடிவத்தில் வந்தது. ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டானது. பீஸ் ரேட்டில் காண்ட்ராக்டரிடம் வேலை செய்தவர்களுக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் பேசி முடிக்கும் கூலி ஒப்பந்தம் கம்பெனிப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கே எட்டாமல் போவதுண்டு. பீஸ் கணக்கில் தைப்பவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தீபாவளிக்கு ஊருக்குப் போன இரண்டு குடும்பங்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் இருந்ததும் கணக்கில் இல்லை, போனதும் கணக்கில் இல்லை.

ஏற்றுமதியாளர்கள் மீது பழி போடுவதற்காக இதை நான் எழுதவில்லை. 2011இல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், கழிவுநீரை வெளியே விடாத பூஜ்ய வெளியேற்ற முறைக்கு மாறி அவர்கள் மீண்டு வந்ததையும் அருகிருந்து பார்த்தவள் நான். சம்பாதிக்கத் தெரிந்த ஊர்தான். சம்பாதித்ததை எண்ணும் அக்கறையில் கால்வாசியை ஆட்களை எண்ணுவதில் காட்டவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த கணக்கெடுப்பில் மக்கள்தொகைக்கு அடிப்படையாகக் கொள்ளும் நாள் 2027 மார்ச் 1 என்றும், வீட்டுப்பட்டியல் பணி 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் என்றும் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. இம்முறை கைப்பேசிச் செயலியில் பதிவு செய்வார்கள். செயலி வேகமாக இருக்கலாம். பூட்டிய கதவைத் திறக்க அதற்குத் தெரியாது. லைன் வீடுகள் மிகுந்த பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமைகளையும் இரவு எட்டு மணிக்குப் பிந்தைய நேரத்தையும் கணக்கெடுப்பாளர்களுக்கு அதிகாரபூர்வமாக ஒதுக்க வேண்டும். அதற்கான படியையும் வண்டிச் செலவையும் தர வேண்டும். விடுதிகளில் பேரேட்டைப் பார்த்து எழுதாமல் உள்ளே சென்று எண்ண, தொழிலாளர் துறையின் கடிதம் ஒன்று அவர்கள் கையில் இருக்க வேண்டும். இந்தி, ஒடியா பேசத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்பினால் நல்லது. 2011இலேயே சில வீடுகளில் நான் சைகையில்தான் வயது கேட்டேன்.

மத்திய அரசின் முடிவுகள் வார்டு அளவில் கைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை மாநகராட்சி காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வார்டில் எத்தனை கதவுகள், எத்தனை குடிநீர் இணைப்புகள், ஒரு கழிப்பறைக்கு எத்தனை பேர், எத்தனை விடுதிகள், அவற்றில் எத்தனை படுக்கைகள் என்ற விவரங்களை வரி வசூலிப்பவர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் கொண்டே திரட்டிவிடலாம். எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதைக் குப்பை வாங்கும் அம்மாக்களைவிட அறிந்தவர் எவரும் இல்லை. 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் இருக்கின்றன. நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் கூட்டமும் கூட்டுகிறார்கள். வரும் கூட்டத்தில் அறுபது வார்டுகளின் இந்த எண்களையும், ஒவ்வொரு வார்டிலும் சென்ற ஆண்டு செலவிட்ட தொகையையும் ஒரே தாளில் அச்சிட்டு மக்கள் கையில் கொடுக்குமாறு மேயர் அவர்களையும் ஆணையர் அவர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை,
திருப்பூர்.